பேக்கரிச் சுவரோரம் பொங்கிய மாவு

இன்று காலை கோத்தகிரியில் ஏற்றிய மாவு வாளியின் மூடி, கீழ் கோத்தகிரி இறக்கத்து வளைவு ஒன்றில் கழன்றுகொண்டது. பெஞ்சுக்கு அடியிலிருந்து புளித்த வாசம் கிளம்பி வண்டி முழுக்கப் பரவியது. புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "என்னங்கண்ணா இது?" என்றார். பாக்கியத்தம்மாவின் மாவு என்று மட்டும் சொன்னேன். மற்றதை உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது, மேடம். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

இதே வண்டிதான். பழைய பள்ளிப் பேருந்தின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, வெளியே 'நடமாடும் வகுப்பறை' என்று எழுதியிருந்தார்கள். நான் டிரைவர். நீங்கள் பொள்ளாச்சியிலிருந்து வந்தவர். ஊர் ஊராகப் போய், சிறுதொழில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்லித்தருவது உங்கள் வேலை. முதல் நாள் ஓர் எஸ்டேட் லைனில், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினோம். முதலில் ஏறிய அம்மா ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிக்கொண்டு, "ஊசி இந்தக் கையிலயா, அந்தக் கையிலயா?" என்று கேட்டார்.

"ஊசியெல்லாம் இல்லீங்க. உக்காருங்க, பேசலாம்" என்றீர்கள். அந்த அம்மாதான் பாக்கியம்.

தேயிலை பறித்தே வயதானவர். கணவர் இல்லை. சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போகிறார்; ஆனதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் திருப்பூரில். அங்கே போக அவருக்கு மனமில்லை. "இந்தக் குளுருலயே பொறந்து வளந்தவ. அங்க போனா வெந்துருவேன்" என்றார். சில வகுப்புகளுக்குப் பிறகு எழுந்து நின்று, லைனிலேயே பெட்டிக்கடை வைக்கப்போவதாகச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை.

"இங்க ஏற்கெனவே கடை இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்கு."

"அந்த ரெண்டும் நல்லா ஓடுதுங்களா?"

பாக்கியத்தம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப இது வேண்டாங்க" என்றீர்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தொழில் வெக்கச் சொல்லித்தான் பஸ் வருதுன்னாங்க. வெக்காதேன்னு சொல்றதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று இறங்கிப் போனார். கூடவே நாலைந்து பேர் இறங்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் நான், "ஆபீஸ்ல காட்டறதுக்கு ஒரு கடை சேர்ந்திருக்குமே மேடம்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "வெச்சுட்டு மூடுன கடைய யாருங்கண்ணா எண்ணுறாங்க?" என்று கேட்டீர்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்களிடமிருந்து போன். லீவு நாளில் பஸ் பிடித்து வந்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். "பாக்கியத்தம்மா ஊட்டுக்குப் போகணும், வர்றீங்களா?"

கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் தேநீர் வந்தது. அதற்குப் பிறகு பேச்சு வந்தது. சாயங்காலம்வரை இருவரும் லைன் லைனாகச் சுற்றினீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய கையால் வீட்டுக்கு வந்து மாவாட்டுவதுதான் பெரிய வதை என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். டவுன் மாவுப் பாக்கெட் அந்த இறக்கம்வரை வருவதில்லை. பாக்கியத்தம்மாவே மாவு அரைத்து விற்கலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

முதல் மாவு கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றால், பொங்கவே இல்லை. அன்று மலையில் வெயிலே இல்லை. வாங்கினவர்கள் மறுநாள் பாத்திரத்தோடு வந்து, "இட்டிலியா இது, கல்லு" என்று பாக்கியத்தம்மா வாசலில் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "தப்பு என்னோடதுங்க. எங்க ஊர்ல சாயங்காலம் ஆட்டி வெச்சா காலைல வழிஞ்சு கெடக்கும். இந்தக் குளிர நான் யோசிக்கல." டீச்சர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று திரும்புகையில் நல்ல மழை. கோத்தகிரியில் வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரி ஒன்றின் பின்பக்கம் ஒதுங்கினோம். விறைத்த உள்ளங்கைகளைச் சுவரில் வைத்த நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். "அண்ணா, தொட்டுப் பாருங்க." உள்ளே விறகு அடுப்பு. சுவர் கன்றுக்குட்டி வயிறு போலக் கதகதப்பாக இருந்தது.

அடுத்த நாளே பாக்கியத்தம்மாவைக் கூட்டிவந்தோம். உள்ளே போய்ப் பேச அவர் கூச, உங்களைப் பேசச் சொன்னேன். தலையாட்டி மறுத்தீர்கள். "நான் பேசுனா, நான் போனப்புறம் யாரு பேசுவாங்க?"

உடம்பில் நோய் இருப்பது அப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். தெரிந்திருக்காது. மாற்றல் ஆகிப் போவதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

பாக்கியத்தம்மா தனியாகவே போனார். பேக்கரிக்காரர், "மாவுப் பானைய என் கடையில வெச்சு நான் என்ன பண்ணட்டும்?" என்று சிடுசிடுத்தது வெளியே கேட்டது. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. உங்க சொவரு பண்ணிக்கும். உங்க ஊட்டுக்கும் ஆட்டுற வேலை மிச்சம்" என்றார் இவர். உள்ளே யாரோ பெண் சிரித்தார். பேக்கரிக்காரரின் வீட்டம்மாதான் சரி என்றார். மறுநாள் காலை பானை மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழும்பியிருந்தது.

லைன் வீட்டைக் காலி செய்த பாக்கியத்தம்மா இப்போது அந்தப் பேக்கரிக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறார்; லைன்களுக்கு மாவு நம் வண்டியில்தான் போகிறது. உங்கள் காரியத்துக்குப் பொள்ளாச்சிக்கு நாங்கள் இருவரும் வந்தோம். உங்கள் அம்மா, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "உங்க புள்ளைகிட்டச் சண்டை போட்டு பஸ்ஸ விட்டு எறங்குனவ நானு" என்றார் பாக்கியத்தம்மா. பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

போன மாதம் என் மருமகன் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, பழைய டாக்ஸி ஒன்று வாங்கி ஓட்டப்போவதாகச் சொன்னார். முன்பு என்றால் மாப்பிள்ளை மனம் நோகக்கூடாது என்று தலையாட்டியிருப்பேன். வேண்டாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று, மகள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அவர் வீட்டுக்குப் போய், "வாங்க மாப்பிள்ளை, கூடலூர் வரைக்கும் ஒவ்வொரு டாக்ஸி ஸ்டாண்டாப் போய்ப் பேசிப் பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.