சுருக்கத்தில் விட்டுப்போனது

சித்தூர்
4 ஜூன் 2025

பிரியமுள்ள லோயிஸ் அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் ஈமெயில். எனக்கு இது நாலாம் மாசம் அல்லவா? வலிப்புக்கு நான் சாப்பிடும் மாத்திரை பற்றி நெட்டில் தேடினேன். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் சுருக்கம் மட்டும் வந்தது. ‘கர்ப்ப காலத்தில் இவ்வகை மருந்துகள் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கலாம்’ என்று போட்டிருக்கிறது. நேற்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். கிளமென்ட்டுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே. நீ வேலை பார்க்கும் மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில் தேடிப் பார்த்து எனக்கு மட்டும் எழுது.

ஜெமிமா


திருப்பதி
4 ஜூன்

என் கண்ணு ஜெமி,

திட்டினாலும் பரவாயில்லை, உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டேன். அடுப்பெதிரில் உனக்கு வலிப்பு வந்தால் யார் பிடிப்பது? “இப்பவே டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போறேன்” என்றார். போய் வா. நானும் தேடுகிறேன்.

லோயிஸ்


திருப்பதி
9 ஜூன்

ஜெமி,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். சரி, இதையாவது படி.

மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடித் தரும் இன்டெக்ஸில் உன் மாத்திரையின் பெயரையும் கர்ப்பத்தையும் சேர்த்துத் தேடினேன். நீ பார்த்த அதே கட்டுரை வந்தது. ஒரு கட்டுரை நமக்கு வேண்டியதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் சுருக்கம். அதோடு நின்றுவிடக் கூடாது. முழுக் கட்டுரையையும் வரவழைத்துப் படித்தேன். உன்னைப் பயமுறுத்திய வரி எல்லா மருந்துகளையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னது. உள்ளே அட்டவணையில் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். ஆபத்து அதிகம் வேறொரு மருந்தால்தான். உன் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கும், எந்த மாத்திரையும் சாப்பிடாதவர்களின் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

நான் டாக்டர் இல்லை. கட்டுரையை இணைத்திருக்கிறேன், டாக்டரம்மாவிடம் காட்டு.

லோயிஸ்


சித்தூர்
11 ஜூன்

அக்கா,

கிளமென்ட் கூட்டிப்போன அன்றைக்கே டாக்டரம்மா மாத்திரையை விடாதே என்றார். நான் நம்பவில்லை. கிளமென்ட் எதிரில் வாயில் போட்டு, அந்தப் பக்கம் போய்த் துப்பினேன். நீ என்னைக் காட்டிக்கொடுத்த கோபம் வேறு.

இன்று கட்டுரையைக் கொண்டுபோனேன். அவர் அட்டவணையில் விரல் வைத்து, “இது தெரிஞ்சுதான்மா, கல்யாணத்துக்கு முன்னாடியே உனக்கு மாத்திரைய மாத்திக் குடுத்தேன். பயமா இருந்தா என்னாண்ட கேக்கறதுதானே?” என்றார். மாத்திரையைத் துப்பியதையும் சொல்லிவிட்டேன். திட்டிவிட்டு, எப்படி மறுபடி ஆரம்பிப்பது என்று எழுதிக்கொடுத்தார். அவர் எதிரிலேயே முதல் மாத்திரையை விழுங்கினேன்.

ஸ்கேனில் குழந்தை காலை உதைத்துக்கினு இருந்தது. கிளமென்ட் அழுதுவிட்டார். வரும் வழியில் எனக்கு அப்படி ஒரு பசி. நாலு தோசை துன்னேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வா. மீன்குழம்பு வைக்கிறேன். மிச்சமிருக்கிற சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம்.

உன் ஜெமி