ரிப்பன் வெட்டிய கத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, தம்பி ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறான். நானும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன், வயிறு எரிகிறபோது அப்படி எழுதக் கை வரவில்லை.

நம் மீன் சந்தைக்கு மாநகராட்சி ஐஸ் இயந்திரம் தரப்போகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் போனில் குதித்துக் குதித்துச் சொன்னேனே, அது வந்துவிட்டது. ஓட்டியும் பார்த்தார்கள், ஐஸ் கொட்டியதை நானே பார்த்தேன். பிறகு அந்த அறை வாசலில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி, காவலுக்கு ஆளும் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் மேயருக்கு இன்னும் தேதி ஒத்து வரலம்மா, அவர் வந்து வெட்டினாத்தான் திறப்பு என்கிறார்கள். அதோடு விட்டார்களா, புது இயந்திரம்தான் வந்துவிட்டதே என்று பழைய ஐஸ் லாரியையும் சந்தைக்குள் விடுவதில்லை. இந்த வெயிலில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்தார். சூடு பார்க்கும் குச்சியோடு திரிவதால் அவருக்கு இங்கே குச்சி சார் என்றுதான் பெயர். பக்கத்துக் கடைச் சித்தியின் மீனில் குத்திப் பார்த்தார், சட்டப்படி இருக்கவேண்டிய குளிர் இல்லையாம், விடியற்காலையில் வந்த இரண்டு கூடை மீனிலும் பினாயிலை ஊற்றிவிட்டார். சித்தி பேயறைந்த மாதிரி நின்றாள். கெட்ட மீன் விற்பவளைப் பிடிக்கட்டும், நானே காட்டிக்கொடுப்பேன், ஆனால் ஐஸை ரிப்பனுக்குள் அடைத்து வைத்துக்கொண்டு குளிர் எங்கே என்று கேட்டால் என்ன நியாயம்? அதைத்தான் கேட்டேன். அது வேற பிரிவும்மா, நான் சுகாதாரம் என்றார். ஒரே வராந்தா, ஒரே டீ, பிரிவு மட்டும் வேறாம்! எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே இருந்தது, நேரே போய் ரிப்பனை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டேன். காவல்காரர் ஐயோ அக்கா, மேயர் வெட்டவேண்டியதாச்சே என்று தலையில் கை வைத்தார். அவருக்கு வேற ஒண்ணு கட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் சந்தைப் பெண்கள் எல்லோர் கூடையிலும் ஐஸ்.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினேனாம், சேதம் என்ற இடத்தில் ரிப்பன், ஒரு மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்டு எழுதித் தராவிட்டால் கடை உரிமம் ரத்து. இருபத்திரண்டு வருஷமாக உட்காரும் இடம், நீ படித்ததும் அந்த இடத்தால்தான், போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயமாகவும் இருக்கிறது. அப்பா ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேன், உன் கோபமா சோறு போடும் என்கிறார், என் கத்தியையும் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார். மொட்டைக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறேன். ஆனால் அந்த வாசலில் மறுபடி ரிப்பன் கட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, காவல்காரரே இப்போது வரிசையைச் சரிபார்க்கிறார். நேற்று குச்சி சார் சித்தியின் மீனில் குத்திப் பார்த்துவிட்டு, குச்சியைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

இந்தத் தாளின் மேலே ஏதோ அடித்திருக்கிறதே என்று பார்ப்பாய். அது ஐயா என்ற சொல். மன்னிப்பு எழுதத்தான் இந்தத் தாளை வாங்கி வந்தேன். ஐயா என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அடுத்த சொல் வரவில்லை. அதை அடித்துவிட்டு அன்பு மகளுக்கு என்று எழுதினேன், அதன் பிறகு பேனா நிற்கவே இல்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு, கடை இருந்தாலும் போனாலும் முதலில் உன்னிடம்தான் சொல்வேன். தாள் ஒன்றுதான் வாங்கினேன், தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்குவதாக இல்லை.

இப்படிக்கு,
கை இன்னும் சில்லென்றிருக்கும்
உன் அம்மா