பதினாறு முறை நீ திறந்த பக்கம்

அன்பு மகள் நெர்மீனுக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து உன் பாபா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உனக்கும், அந்தப் பனி ஊரில் உன் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் உண்டாகட்டும். உன் அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் போன மாதம் எப்படியோ அப்படியே இருக்கிறது. பெருநாளுக்கு மாவு சலித்து வைத்துவிட்டாள், பலகாரத்தில் உன் பங்கைத் தனி டப்பாவில் போடுவேன், யாராவது கனடா போகாமலா இருப்பார்கள் என்கிறாள். நானும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், அதுதான் முறை, ஆனால் அந்த வார்த்தையை எழுத இன்று கை வரவில்லை. பத்து நாளாக நீ போனை எடுப்பதில்லை. வேலை இருக்கு பாபா, அப்புறம் பேசறேன் என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். அதனால் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். படம் பிடிப்பதில் உன் பாபா எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். பாதியில் மூடி வைத்துவிடாதே கண்ணே. செவ்வாய்க்கிழமைக்குள் நீ செய்தாக வேண்டிய வேலை ஒன்று கடைசியில் இருக்கிறது.

ஸீதி பிஷ்ரில் அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று உனக்குச் செய்தி வந்திருக்கும், ஆனால் என் வாயால் நீ கேட்கவில்லை. நோன்பு பன்னிரண்டு அன்று, நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, காவல்காரர் இத்ரீஸ் நாலாவது மாடி அம்மா கொடுத்த சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு லிப்ட் கதவை இழுத்திருக்கிறார். பெட்டி அங்கே இல்லாதபோது அந்தக் கதவு திறக்கவே கூடாது. திறந்துகொண்டது. பெட்டி கீழ்த்தளத்தில் நின்றது, மனிதர் போய் அதன் கூரைமேல் விழுந்தார். உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னோடதுதான் உஸ்தா, கதவு திறந்தா பெட்டி இருக்கும்னு பதினெட்டு வருஷப் பழக்கம், பார்க்காமக் காலை வச்சுட்டேன் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் எப்படியாவது வெளியே நடந்து வந்திருப்பேன். நீங்க வந்து பார்த்துட்டுப் போயி ஒரு வாரம்கூட ஆகலையே, அந்தப் பய ஸப்ரி என்னத்தைக் குடைஞ்சானோ என்றார். நான் அன்றைக்கு வந்தேனா என்று அவரையே கேட்டேன். மாசா மாசம் வர்ற ஆளு அன்னிக்கு மட்டும் வராமலா இருந்திருப்பீங்க, நோன்புங்கிறதால டீ கொடுத்திருக்க மாட்டேன், அதான் ஞாபகத்துல நிக்கலை என்று சிரிக்கப் பார்த்தார். இதையேதான் அரசு வக்கீலிடமும் சொல்லியிருக்கிறார்.

என்னோடு அதே வேலைக்கு வந்த உன் அத்தை மகன் ஸப்ரியைத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள். முதலில் நாலு நாள், இப்போது பதினைந்து நாள். எங்கள் லிப்ட் கம்பெனிக் காகிதம் தெளிவாக இருக்கிறதாம். நோன்பு ஆறாம் நாள் உஸ்தா ஷவ்கி, அதாவது நான், மாதப் பராமரிப்புக்கு வந்தார், பதினொரு மாடிக் கதவுப் பூட்டுகளையும் கையால் இழுத்துப் பார்த்தார், எல்லாம் நல்ல நிலை. ஒன்பதாம் நாள் ஸப்ரி போய் நாலாவது மாடிக் கதவைத் தொட்டான். பன்னிரண்டாம் நாள் ஆள் விழுந்தார். படிக்கிறவன் யாராக இருந்தாலும் ஸப்ரியைத்தான் பிடிப்பான்.

நெர்மீன், நான் அன்றைக்குப் போகவில்லை.

நீ ஐந்து வருடத்துக்கு முன்னால் கம்பெனிக்கு அந்த ஆப்பை எழுதிக் கொடுத்தபோது நான் எப்படிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். கெட்டுப்போன பிறகு ஓடுவதல்ல வேலை, கெடுவதற்கு முன்னால் போய் நிற்பதுதான் வேலை, எந்தக் கட்டடத்துக்கு எந்தத் தேதியில் யார் போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று என் மகள் போனிலேயே சொல்லிவிடுகிறாள் என்று பஹ்ரியில் மீன் கடைக்காரனைக்கூட விடாமல் சொன்னேன். யாரும் வீட்டில் உட்கார்ந்து டிக் போடக் கூடாது என்று ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டை மாடி இயந்திர அறைக் கதவில் ஒரு கியூஆர் கோடு ஒட்டச் செய்தாய். மேலே ஏறிப்போய் அதை ஸ்கேன் செய்தால்தான் வேலைப் பட்டியலே திறக்கும். அந்தச் சதுரத்தைப் படம் பிடித்து, அச்சடித்து, பர்ஸில் வைத்துக்கொண்ட முதல் ஆள் யார் தெரியுமா? நான்தான். வேறு யாரோ செய்ததைப் பார்த்து நான் கெட்டுப்போகவில்லை, என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்தார்கள். பொண்ணு பூட்டுப் போட்டா அப்பன் சாவி செஞ்சுட்டான்யா என்று பயல்கள் என் முதுகில் தட்டினார்கள். எனக்கு அது பெருமையாக வேறு இருந்தது, த்தூ.

எப்போதும் செய்வதில்லை, நோன்பு மாதத்தில் மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாளைக்குப் பதினொரு கட்டடம் கொடுக்கிறார்கள், தண்ணீர் இல்லாத தொண்டை, மாடிப்படி, என் மூச்சு. இதெல்லாம் உண்மைதான், ஆனால் ஆறாம் நாள் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் இந்தக் காரணம் எதுவும் வாயில் வராது. நான் நம் தெருமுனையில் கதாயிஃப் பலகார வண்டி முன்னால் வரிசையில் நின்றேன். உன் அம்மா பாதாம் உடைத்து வைத்துவிட்டு, மாவு வட்டம் சூடாக வாங்கிட்டு வாங்க என்று அனுப்பியிருந்தாள். எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். சும்மா நிற்கிறோமே என்று பர்ஸை எடுத்து, ஸீதி பிஷ்ர் படத்தை உருவி, ஸ்கேன் செய்து, என் முறை வருவதற்குள் பட்டியல் முழுவதும் நல்ல நிலை, நல்ல நிலை என்று அழுத்தி முடித்தேன். நாலாவது மாடிக் கதவுப் பூட்டும் அதில் ஒன்று.

மூன்று நாள் கழித்து ஸப்ரி போனில் கூப்பிட்டான். அந்தக் கதவு சிக்குகிறது என்று யாரோ புகார் சொல்லிப் போயிருக்கிறான், பூட்டின் கொக்கி தேய்ந்து கிடந்திருக்கிறது. புதுப் பூட்டு கேட்டு ஆப்பில் எழுதியிருக்கிறான், ஆப் தள்ளிவிட்டது. மூன்று நாளைக்கு முன் பார்த்த பூட்டு, நல்ல நிலை, அடுத்த பார்வை அடுத்த மாதம் என்று பதில் வந்ததாம். நீ அப்படி எழுதியதில் ஒரு தப்பும் இல்லை, கண்டவன் கண்டபடி சாமான் கேட்கக் கூடாது என்றுதானே வைத்தாய். நான் பொய் சொல்வேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸப்ரி, மாமா, இந்தப் பூட்டு தேஞ்சு போயிருக்கே, நீங்க பார்க்கலையா, நான் லிப்டை நிறுத்தி வச்சிருக்கேன், நோன்பு திறக்க வர்றவங்க எல்லாம் கத்துறாங்க என்றான். பார்த்தேன்டா, நல்லாத்தான் இருந்துச்சு, நீ பெரிய இன்ஜினீயராயிட்டியா, ஆன் பண்ணிட்டு வீட்டுக்குப் போ என்றேன். அப்போதாவது, இரு நானே வர்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டிக் பொய்யாகிவிடும் என்று பயந்தேன். அவன் என் சொல்லை நம்பி ஆன் செய்துவிட்டுப் போய்விட்டான். இந்த போன் பேச்சை அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. விலங்கோடு நடத்திக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

விபத்து நடந்த மறுநாள் நீ ஒரே ஒரு வரி கேட்டாய். பாபா, ஆறாம் நாள் அந்தக் கட்டடத்துக்குப் போனீங்களா என்று. போனேன் என்று எழுதினேன். பெற்ற மகளுக்கு அந்த ஒரு வார்த்தையை அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் நீ போனை எடுப்பதை விட்டாய்.

நான் அரசு வக்கீலிடம் போகாமல் இல்லை. போன வியாழக்கிழமை போய், நான் வரவில்லை, டிக் பொய், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். உன் வயதுப் பையன், பொறுமையாகத்தான் கேட்டான். ஹாஜி, மருமகன் மேல பாசம் இருக்கத்தான் செய்யும், புரியுது. காகிதம் நீங்க வந்ததாச் சொல்லுது, விழுந்தவரே நீங்க வந்ததாச் சொல்றாரு, வரலைன்னு நீங்க ஒருத்தர் மட்டும்தான் சொல்றீங்க, வீட்டுக்குப் போய் நிம்மதியா நோன்பு திறங்க என்று அனுப்பிவிட்டான். உண்மையைச் சொன்னேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பொய்யைத்தான் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் அத்தை ஸனிய்யா தினமும் நம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு மாவு பிசைகிறாள், அண்ணா, உன் மருமகனுக்காகப் பழியை ஏத்துக்கப் பார்த்தியாமே, உன்னை மாதிரி யாரு செய்வா என்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மகளே.

நேற்று முதலாளி ஹாஜ் லுத்ஃபி கூப்பிட்டு விட்டார். ஆப் உன்னைக் காப்பாத்திக் கொடுத்திருக்கு, நீயா போய்க் கழுத்தை நீட்டுறியே உஸ்தா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று சத்தம் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ள ஒரு பக்கம் இருக்கு, ஸ்கேன் பண்றவன் எந்த இடத்துல நின்னான்னு போன் தானா எழுதி வச்சுக்கும், கட்டடத்துல நிக்காம ஸ்கேன் பண்ணா சிவப்பாக் காட்டும், எல்லாம் சிவப்பாக் கிடக்கும்னு நான்தான் அதை மறைச்சு வைக்கச் சொன்னேன், அதைத் துடைச்சுடுன்னு உன் பொண்ணுகிட்டச் சொல்லி ஒரு வாரமாச்சு, அவ பதினாறு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கான்னு கம்ப்யூட்டர் காட்டுது, பார்க்கிறா மூடுறா, துடைக்க மாட்டேங்கிறா, செவ்வாய்க்கிழமை கம்பெனிப் பதிவையெல்லாம் எடுக்க அரசு வக்கீல் ஆளுங்க வர்றாங்க, அதுக்கு முன்னாடி முடிக்கச் சொல்லு என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நீ போனில் சிரித்துக்கொண்டே, இனிமே ஏமாத்த முடியாது பாபா, நிக்கிற இடத்தையும் அது பார்த்துக்கிட்டே இருக்கும் என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

அப்படியானால் முதல் நாளே பார்த்துவிட்டாய். போனேன் என்று நான் எழுதுவதற்கு முன்பே, நான் கதாயிஃப் வண்டி முன்னால் நின்றது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாய், நான் உண்மையைச் சொல்ல ஒரு வழி வைத்துக் கேட்டாய். துடைத்தால் ஸப்ரி போய்விடுவான், துடைக்காவிட்டால் பாபா போய்விடுவார் என்று பத்து நாளாக அந்தத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். என் தங்கமே, உன்னை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேனே. கெஞ்சிக் கேட்கிறேன், துடைக்காதே. ஏற்கெனவே துடைத்திருந்தால் எங்காவது பிரதி இருக்கும், நீ வைத்திருப்பாய், திரும்பப் போடு. உன் பாபாவைக் காட்டிக்கொடுத்தவள் என்று நீ நினைக்காதே, நான் சொல்லித்தான் நீ செய்கிறாய், இந்தக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பு. எனக்கு அறுபத்திரண்டு வயது. ஸப்ரிக்கு இருபத்தாறு, தேய்ந்த பூட்டைத் தேய்ந்தது என்று சொன்னவன் இத்தனை பேரில் அவன் ஒருவன்தான்.

இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? அதே கட்டடத்து மொட்டை மாடியில். லிப்டுக்கு அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள், அதனால் பதினொரு மாடியும் படியில் ஏறி வந்தேன், நாலாவது மாடிக் கதவின் முன் மட்டும் சற்று உட்கார்ந்தேன். இயந்திர அறைக் கதவில் உன் சதுரம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளுத்துக் கிடக்கிறது, ஆனாலும் வேலை செய்கிறது. சற்று முன், நாலு மணி பத்து நிமிடத்துக்கு, அதை ஸ்கேன் செய்தேன், பர்ஸில் இருக்கும் படத்தை அல்ல, இதை. பதினேழாவது முறை நீ திறந்தால் என் பெயரில் இரண்டு புள்ளிகள் இருக்கும். ஒன்று இங்கே, ஒன்று பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நம் தெருமுனையில். உண்மையில் வந்தால் எப்படி இருக்கும், வராவிட்டால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளங்கும். இரண்டையும் சேர்த்து ஸப்ரியின் வக்கீல் நாஹித் அம்மாவுக்கு அனுப்பு, அவர் முகவரி கடைசித் தாளின் பின்பக்கம் இருக்கிறது. இன்று நோன்பு திறந்ததும் உன் அம்மாவிடமும் அத்தையிடமும் நானே சொல்லிவிடுவேன். அம்மாவுக்கு அடிக்கடி போன் செய், பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட நினைவுபடுத்து, நான் கேட்டால்தான் போடுவாள், அதற்கு இனி நீதான்.

அல்லாஹ் உன் கையை நேராக வைப்பானாக, உன் உறக்கத்தை உனக்குத் திருப்பித் தருவானாக. அங்கே குளிரில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ ஒன்பதாவது மாடியில் இருக்கிறாய். லிப்ட் கதவு திறந்ததும் காலை வைத்துவிடாதே மகளே, யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பாதே, பெட்டி இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்த்து வை.

ஆறாம் நாள் வராத,
இன்று வந்திருக்கிற,
உன் பாபா
ஷவ்கி மித்வல்லி