ஊசி போட்டுக்கொண்டவள்

மார்ச் 4
முதியோர் இல்லத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: தடுப்பூசி போடாதவர்களுக்கு வேலை இல்லை. இப்படி வரும் என்று பேச்சு அடிபட்டதும் நான் போன வாரமே போட்டுக்கொண்டேன். அங்கேயே வேலை செய்யும் என் ஓரகத்தி மாட்டாளாம். "நம்ம நம்பிக்கைக்கு ஒத்து வராதுக்கா." ஒரே வீடு, ஒரே பிரார்த்தனை. பெரிய மகராசி!

மார்ச் 11
அவளை நிறுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டிருக்கிறாள்.

மார்ச் 15
பிரார்த்தனைக் கூடத்தில் அவளுக்கு முன்வரிசை. போவோர் வருவோரிடமெல்லாம் மாமியார், "என் சின்ன மருமக, என் சின்ன மருமக!" அப்போ நான் யாரு? ஊசி போட்ட அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேனே, அது யாருக்குத் தெரியும்? வயிறு எரிகிறது. ஆமாம், எரியத்தான் செய்கிறது.

ஏப்ரல் 2
இல்லத்தின் வக்கீல் கூப்பிட்டார். "நீங்களும் அதே மதந்தானே? நீங்க போட்டுக்கிட்டீங்களே. அதைக் கோர்ட்ல சொன்னாப் போதும்." சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஏப்ரல் 20
சொன்னேன். நீதிபதியம்மா அதோடு விட்டாரா? "அப்போ உங்க நம்பிக்கை இதுக்கு இடம் கொடுக்குதா?"

ஆமாம் என்றால் அவள் கதை முடிந்தது. ஆனால் ஆமாம் என்றால் — நான் அழுதது பொய்யா? அவளுக்கு மட்டும்தான் பக்தியா? வாயில் வந்துவிட்டது. "இல்லீங்கம்மா. தப்புன்னு நெனச்சுக்கிட்டேதான் போட்டேன். வேலை போயிடுமேன்னு பயம். அவளுக்கு இருக்கிற அதே நம்பிக்கைதான் எனக்கும்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளுக்காகச் சொல்லவில்லை. சத்தியமாக எனக்காகத்தான் சொன்னேன்.

மே 6
ஜெயித்துவிட்டாள். உண்மையான நம்பிக்கைதான் என்று தீர்ப்பு. வேலை உண்டு, ஆனால் முதியவர்களின் அறைக்குள் நுழையக் கூடாது. துணி துவைக்கும் பிரிவு. மாமியார் அவளைக் கட்டிக்கொண்டார். என்னை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

மே 19
கண் தெரியாத டீச்சரம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாருவது எப்போதும் ஓரகத்திதான். இப்போது அவர் என் பொறுப்பு. "அவ எங்க?" என்று தினமும் என் கையைத் தட்டிவிட்டவர், இன்று தலை வாரும்போது என்மேல் சாய்ந்து தூங்கியே விட்டார்.

நிமிர்ந்தால் வாசலில் ஓரகத்தி, துவைத்த விரிப்புகளோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சிக்கு எடுக்கறப்ப முடிய அடியில பிடிச்சுக்குங்கக்கா. அவங்களுக்கு வலிக்கும்."

அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கா தெரியாது? சீப்பை அவளிடம் கொடுத்திருப்பேன். வாசலைத் தாண்டி அவள் வரக் கூடாது.