நான் சந்தூக்கில் ஏறிய வெள்ளிக்கிழமை

1972 நவம்பர் 26, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. பிள்ளைகளின் சங்கதிகளை மறக்கமுன் எழுதி வைக்கிறேன்.

மூத்த பேரன் ஸுஹைர் கந்தளாயில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். கையெழுத்தைப் பார்த்தே எடுத்தார்களாம். முத்தலிபுக்கு ஓதலில் இரண்டு வருடமும் முதல் பரிசு. றஹ்மா கணக்கில் தொண்ணூற்று நான்கு. மிச்ச ஆறையும் அந்த வாத்தியார் எங்கே கொண்டுபோனாரோ! ஸல்ஹா கொழும்பில் நேர்ஸ் படிப்பு, இரண்டாம் வருடம். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள்; இவள் என்னுடைய பேத்தி.

அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கும் அவளுடைய படம் பழசு. இரட்டைப் பின்னல், பாடசாலை வெள்ளை.

போன கிழமை அடுத்த வீட்டு றம்லா வேலிக்கு மேலால் கேட்டாள்: "கண்ட ஆம்பிளையளத் தொட்டுத் தூக்குறதெல்லாம் ஒரு படிப்பா, மாமி?"

"உன்ர மகன் அன்ஸார் மில்லில மூட்டை தூக்குறான். இவள் ஆளைத் தூக்குறாள்" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. நிம்மதி.

டிசம்பர் 5

ஸல்ஹா லீவில் வந்திருக்கிறாள். காலில் மட்டை வைத்துக் கட்டிப் பழகுவதற்கு என்னைப் பிடித்தாள். அரை மணித்தியாலம் அசையாமல் கிடந்தேன். கட்டு மட்டும் என்ன அழகு.

டிசம்பர் 8, வெள்ளி

இதை இன்றே எழுதவேண்டும்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலையும் நேரம். படார் என்று ஒரு சத்தம். பள்ளிக்குப் பக்கத்து நெல் மில்லின் சுவர் மழையில் ஊறிப் பாதி சரிந்துவிட்டது. தொழுத கையோடு மூட்டைகளை மூடப் போன அன்ஸார் கீழே.

நானும் ஸல்ஹாவும் ஓடிப்போனபோது கல்லெல்லாம் அகற்றியாகிவிட்டது. நாலு பேர் அவனுடைய கையையும் காலையும் பிடித்து நெல் மூட்டை மாதிரித் தூக்கப் போகிறார்கள். மூட்டை தூக்கிப் பழகிய கைகளுக்கு வேறு என்ன தெரியும்?

"விடுங்க. கீழ வைங்க."

என் ஸல்ஹாதான். வீட்டில் தேத்தண்ணி கேட்கவே மூன்று தரம் முனகுகிற பிள்ளை. அத்தனை ஆம்பிளைகளும் வைத்துவிட்டார்கள்.

சேற்றில் முழங்காலில் இருந்து அவனுடைய தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தாள். "அன்ஸார் காக்கா, கால்விரலை ஆட்டுங்க." வலது ஆடியது. இடது கொஞ்சம். "முதுகெலும்பில பட்டிருக்கு. வளைச்சுத் தூக்கினா ரெண்டு காலும் போயிரும். நேர்ப் பலகை ஒண்டு வேணும். சுணங்க ஏலாது."

மிச்சச் சுவர் எங்கள் தலைக்கு மேலே சாய்ந்து நின்றது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

தகரம் வந்தது, வளைந்தது. மில் கதவோ சுவருக்கு அடியில். யாரோ பள்ளி விறாந்தையைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தோம். சந்தூக்கு. மையித்தை அடக்கக் கொண்டுபோகிற பெட்டி. அடியில் ஆள் நீளத்துக்கு உறுதியான பலகை, தூக்குவதற்குப் பிடிகள்.

"அதைக் கொண்டு வாங்க" என்றாள் ஸல்ஹா.

றம்லா குளறினாள். "உசிரோட கிடக்கிற என்ர புள்ளையை மையித்துப் பெட்டியில வைக்கவா? அதில போன ஒருத்தன் திரும்பி வந்திருக்கானா?"

பள்ளி லெப்பை ஸைனுலாப்தீனும் தாடியைத் தடவினார். "தாய் சம்மதிக்காம நான் எப்படிக் குடுக்கிற?"

எனக்கு என்ன வந்ததோ! விறாந்தைக்கு ஏறினேன். முக்காட்டை இழுத்துவிட்டேன். சந்தூக்கின் மூடியைத் தள்ளிவிட்டு ஏறிப் படுத்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில். பலகை நல்ல குளிர். முகட்டில் ஒரு பல்லி என்னையே பார்த்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டு எழும்பி இறங்கினேன்.

"இஞ்ச பார், றம்லா. போனவள் திரும்பி வந்திட்டன். இனிக் கொண்டு போகச் சொல்லு."

றம்லா என்னையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். "கொண்டு போங்க" என்றாள், காற்று மாதிரி.

பக்கத்துக்கு மூன்று பேர். ஸல்ஹா எண்ணினாள். "மூண்டு" என்றதும் அவன் ஒரே பலகையாக எழும்பிச் சந்தூக்குக்குள் இறங்கினான். இரண்டு பக்கமும் தலையணை வைத்துச் சாரத்தால் கட்டச் சொன்னாள். துறையடி வரையும் அவனுடைய தலையில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

வழியில் சந்தூக்கைக் கண்டவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, "இன்னாலில்லாஹி" சொன்னார்கள். உள்ளே இருந்து அன்ஸார் கத்தினான்: "நான் மௌத்தாகல்ல, காக்கா! வழியை விடுங்க!"

அழுதுகொண்டிருந்த றம்லாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு லொறியோடு அக்கரைக்கு வெளிக்கிட்ட பாதை, ஆற்றைக் கடத்துகிற அந்தப் பெரிய மிதவை, திரும்பி வந்து அவர்களை ஏற்றியது. இந்தத் துறையில் பாதை யாருக்குத் திரும்பியது? என் பேத்தி கையைக் காட்டினாள், திரும்பியது. பெரியாஸ்பத்திரிக்கு அவளும் கூடவே போய்விட்டாள்.

டிசம்பர் 9

சுபஹு நேரம் மில்லின் மிச்சச் சுவரும் விழுந்தது.

டிசம்பர் 14

ஸல்ஹா கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். முதுகெலும்பில் வெடிப்பு, நரம்பு அறவில்லை, இவ்வளவு பக்குவமாக இவனைக் கொண்டுவந்தது யார் என்று டொக்டர் கேட்டாராம். "நான்" என்று சொல்லாமல் "ஊராக்கள்" என்றாளாம், விசரி.

நடப்பானா என்று றம்லா கேட்கிறாள். டொக்டரே சொல்லவில்லை, நான் என்னத்தைச் சொல்ல? குசினியில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சந்தூக்கில் படுத்தவள் ஹஜ்ஜுப் பெருநாளைக் காணமாட்டாள் என்று ஊரில் ஒரு கதை. சிரித்தேன். ஆனாலும் இரவில் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

1973 ஜனவரி 15

ஹஜ்ஜுப் பெருநாள். இருக்கிறேன். வட்டிலப்பம் இரண்டு துண்டு.

மார்ச் 4, ஞாயிறு

அஸருக்குப் பிறகு படலை திறக்கிற சத்தம். பொல்லு ஊன்றுகிற சத்தம். அன்ஸார்! இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறான், ஆனால் நடக்கிறான். கதிரையை இழுத்துப் போட்டேன். "ரெண்டு மாசமாப் படுத்தே கிடந்தனான், பாட்டி. நிக்க விடுங்க" என்றான்.

பின்னால் றம்லா, சட்டியில் தேங்காய்ப்பால் ஆணத்தோடு. நேரே அலுமாரிக்குப் போய் ஸல்ஹாவின் படத்தைக் குனிந்து பார்த்தாள். "இது சின்னப் புள்ளையில எடுத்தது, மாமி. நேர்ஸ் உடுப்போட ஒண்டு இல்லையா? எனக்கும் ஒண்டு வேணும்."

அவர்கள் போனதும் ஸல்ஹாவுக்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். நாளைக் காலைத் தபாலுக்கு. முக்கியமானது இவ்வளவுதான்:

மகள், தொப்பி போட்டு, வெள்ளை உடுத்து, நிமிர்ந்து நின்று ஒரு புதுப் படம் எடுத்து அனுப்பு. இரண்டாக அனுப்பு.