திருப்பி எறியாத பந்து

அன்புள்ள அப்பா,

நம் பேஸ்பால் அணி நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்கே இடம் மாறப் போகிறதாம். எனக்கு எரிச்சலாக வருகிறது.

நேற்று ஆட்டத்தில் உங்கள் நண்பர்கள் இருவரும் ஆட்டக்காரர் பந்தோஹாவை வைத்துச் சண்டை போட்டார்கள். போன மாதம் நம் அணி விற்றுவிட்டதே, அவரைத்தான்.

"முட்டி போன ஆளுய்யா, வித்தது சரிதான்" என்றார் டுவேன்.

"டீமே மூட்டை கட்டுது, நீ அவன் முட்டிய எடை போடுறியா?" என்றார் கர்ட்டிஸ்.

அப்போது எதிரணிச் சட்டையில் பந்தோஹா எல்லை தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து என் மடியில் வந்து விழுந்தது. எதிரணியின் பந்தை மைதானத்துக்குள் திருப்பி எறிவதுதானே நாம் உட்காரும் வரிசையின் வழக்கம்? "எறி பாப்பா, எறி!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

பள்ளியை விட்ட நாள்வரை வகுப்பில் வாய் திறக்காதவள் நான். எழுந்து நின்று, "மாட்டேன்! அவரா போகல, நீங்கதான் அனுப்பிட்டீங்க" என்று கத்திவிட்டேன்.

ஆட்டம் முடியும்வரை பந்தை உங்கள் காலி இருக்கையில் வைத்திருந்தேன்.

அப்பா, நீங்களாகப் போனீர்களா, அம்மா அனுப்பினாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்து இருக்கைக்காரி