தேர்தல் படம்

பலெர்மோ,
12.2.96

அன்பின் குகாவுக்கு,

நீரும் பிள்ளை கேசிகாவும் சுகம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஒரு புதினம். சிசிலிப் பிராந்திய சபைத் தேர்தலில் என்னை நிற்கச் சொல்லி இங்குள்ள ஒரு கட்சியார் கேட்டிருக்கிறார்கள். சிரிக்காதையும். கால்சாவில் நான் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் கேட்டவர்கள். போன வருடம் இத்தாலியப் பிரசாவுரிமையும் கிடைத்ததுதானே. யாழ்ப்பாணத்தில் அதிபர், இங்கே வீட்டுக்காரி சிஞ்ஞோறாவிடம் நிலம் துடைக்கிறவன், இனிச் சபைக்கு. நாய்க்குப் பேர் முத்துமாலை என்று நீர் சொல்வது கேட்கிறது. வென்றால் உங்களை இங்கே எடுக்கிற அலுவலும் சுறுக்காகும்.

சுவரில் ஒட்ட என் படமும் அடித்துவிட்டார்கள். ஒன்று இத்துடன் வருகிறது. கோட்டு சிஞ்ஞோறாவின் மனிசனுடையது.

உம்முடைய,
ஞானசேகரம்

வவுனியா,
9.3.96

அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் உடைத்துத்தான் வந்தது. ஆமி முகாமுக்குக் கூப்பிட்டு, படத்தை விரித்து வைத்துக் கேட்டார்கள், "உன்ரை மனுசன் ஆற்றை ஆள், எந்த இயக்கம்?" இத்தாலிக் கட்சி என்றேன். நம்பவில்லை. படத்தைத் திருப்பித் தந்தார்கள். இப்போது ஒன்றுவிட்ட ஒருநாள் வீட்டுக்கு வருகிறார்கள், கேசிகாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

தேர்தலில் இருந்து விலகிவிட்டேன் என்று ஒரு கடிதம் போடுங்கோ. பொய்யென்றாலும் பரவாயில்லை. உடைத்து வாசிக்கட்டும். இதைத் தபாலில் போடாமல் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

குகனேஸ்வரி

பலெர்மோ,
2.4.96

அன்பின் குகா,

வாக்கைக் கொடுத்துவிட்டு விலகினால் இங்குள்ள எங்கடை சனத்துக்குத்தான் வெட்கம். வியா மக்வேதா தெருவில் என்னைக் கண்டவர்கள் 'ப்ரெசிதே' என்று கூப்பிடுகிறார்கள். அதிபருக்கு இங்கே அதுதான் சொல். இத்தனை வருடத்துக்குப் பிறகு, குகா. பொய் எழுத எனக்கு வராது. நீர் படித்த பெண்தானே, அவர்களுக்கு விளங்கப்படுத்தும். ஜூன் பதினாறு ஞாயிறு வோட்டு. அதுவரை பொறுத்துக்கொள்ளும்.

உம்முடைய,
ஞானசேகரம்

வவுனியா,
24.6.96

அத்தான்,

வென்றீர்களோ தெரியாது.

பொய் எழுத உங்களுக்கு வராது என்றீர்கள். நான் சொல்லிவிட்டேன். நீங்கள் நெஞ்சுவலியில் செத்துவிட்டதாகத் தகவல் வந்தது என்று அவர்களுக்கும் சொன்னேன், சனத்துக்கும் சொன்னேன். தாலியைக் கழற்றினேன். வாயால் சொன்னால் மட்டும் நம்புவார்களோ, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தோம். உங்கள் வோட்டு ஞாயிறுதான் அந்த நாள்.

வேறு நல்ல படம் இல்லை. தேர்தல் படத்தில் கீழெழுத்தை வெட்டிவிட்டு வைத்தோம். மாலை போடமுதல் கேசிகா என் முகத்தைப் பார்த்தாள். போடு என்றேன். யாழ்ப்பாணத்தில் உங்களிடம் படித்து, இடம்பெயர்ந்து இங்கே வந்திருக்கிறவர்கள் தேவாரம் பாடினார்கள். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பந்தியில் இருந்து சாப்பிட்டேன்.

இப்போது ஒருவரும் வருவதில்லை. அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

இதையும் கொழும்புக்குப் போகிற சூசையம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே தபாலில் போடுவார். நீங்கள் இனி எழுதவேண்டாம், உடைப்பார்கள். எங்களை எடுக்கவும் வேண்டாம். செத்தவர் எப்படிக் கூப்பிடுவார்?

குகனேஸ்வரி